அரண்மனைக்கு ஒரு நாள்: மியூனிக் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளி விடுமுறையும் ஊரிலிருந்து பெற்றோர் வருகையும் சேர்ந்து வரும் காலம் இது. ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் அதைச் சுற்றிலும் குடியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனையைப் பற்றியவை. அவற்றையும், அதே ரயில் பாதைகளில் போய்வரக்கூடிய வேறு சில இடங்களைப் பற்றிய கேள்விகளையும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பையனுக்கு 8 வயது, பெண்ணுக்கு 3. திருநெல்வேலியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். நொய்ஷ்வான்ஸ்டைனை ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா? காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பதில்: தாராளமாக முடியும். கிளம்பும் நேரத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். அரண்மனைக்குள் நுழையும் நேரம்தான் முதலில் முடிவாக வேண்டியது. உள்ளே தனியாகச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடையாது; வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் குழுவின் நேரம் அச்சாகியிருக்கும். அந்த நேரத்துக்கு நுழைவு வாயில் திறக்கும், குழு உள்ளே போனதும் மூடிவிடும். தாமதமாக வந்தவரின் டிக்கெட் செல்லாது. ரயில் தாமதம், பேருந்தில் கூட்டம், குழந்தை அழுதது என எந்தக் காரணமும் அங்கே எடுபடாது.

கோடையில் நாளொன்றுக்குச் சராசரியாக 6,000 பேர் வரும் இடம் இது. ஆகவே டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமை என்றால் சில வாரங்களுக்கு முன்பே பார்ப்பது நல்லது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். ஆனால் இலவசம் என்பதால் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஒரு குழுவில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. பெரியவர்களுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனால் வாயிலில் பிள்ளைகளுக்கு இடமிருக்காது.

இனி கணக்கைப் பின்னோக்கிப் போடுவோம். சனிக்கிழமை, குழு நேரம் 13.00 என்று வையுங்கள். 12.45-க்கு அரண்மனை முற்றத்தில் நிற்க வேண்டும். கீழே உள்ள ஹோஹென்ஷ்வான்காவ் கிராமத்திலிருந்து மேலே போக, வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, பெரியவர்களுடன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு முன் சாப்பாடு, கழிப்பறை, செருப்பு மாற்றுவது என முக்கால் மணி நேரம். ஆக 11 மணிக்குக் கிராமத்தில் இறங்கியிருக்க வேண்டும். அரண்மனைக்கு அருகிலுள்ள ஊரான ஃபியூசனின் ரயில் நிலையத்திலிருந்து கிராமத்துக்கு 73, 78 எண் பேருந்துகள் போகின்றன. ஓட்டம் 10 நிமிடத்துக்குள்தான். ஆனால் ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் முழுவதும் அதே பேருந்துக்குத்தான் வரும். தள்ளுவண்டியோடு கடைசியாகப் போனால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க நேரும். எனவே 10.30-ஐ ஒட்டி ஃபியூசன் சேரும் ரயில் வேண்டும். மியூனிக் மத்திய நிலையத்திலிருந்து ஏறக்குறைய 2 மணி நேரப் பயணம். அப்படியானால் 8.30 வாக்கில் ரயில், வீட்டிலிருந்து 7.30-க்குக் கிளம்ப வேண்டும்.

மத்திய நிலையத்தில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஃபியூசன் வண்டி பெரும்பாலும் 27 முதல் 36 வரையிலான பக்கவாட்டுப் பிளாட்பாரங்களிலிருந்து கிளம்பும். சுரங்க ரயிலிலிருந்து ஏறி வந்தால், வயதானவர்கள் நடந்து அங்கே போக 10 நிமிடமாவது ஆகும். வண்டி நேரத்துக்கு 5 நிமிடம் முன்னால் நிலையத்துக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் அந்த வண்டியைத் தவறவிடுகிறார்கள்.

உள்ளே சுற்றிப் பார்ப்பது அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 13.40-க்கு வெளியே வந்துவிடுவீர்கள். பிறகு மரியன்புரூக்கே பாலம். அரண்மனைக்குப் பின்னே பள்ளத்தாக்கின் மேல் 90 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. படங்களில் எல்லோரும் பார்த்த அந்தக் காட்சி அங்கிருந்துதான். பாலத்தில் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விடுவதில்லை, அதனால் கோடையில் வரிசை நிற்கும். எனவேதான் குழு நேரத்துக்கு முன்னால் பாலத்துக்குப் போக வேண்டாம் என்கிறோம். அந்த வரிசையில் மாட்டிக்கொண்டு அரண்மனை நேரத்தை விட்டவர்கள் ஏராளம். 15.30-க்குக் கீழே இறங்கி, ஆல்ப்சே ஏரிக்கரையில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, 17 மணியை ஒட்டிய ரயிலைப் பிடித்தால் 19.30-க்குள் மியூனிக்.

கேள்வி: நானும் கணவரும் டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு எங்களோடு இலவசம்தானே? ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு எந்த டிக்கெட் வாங்குவது?

பதில்: இலவசம் 6 வயது நிரம்பாத பிள்ளைக்கு மட்டும்தான். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்பது ஜெர்மனி முழுவதும் பிராந்திய ரயில்களிலும் உள்ளூர்ப் பேருந்துகளிலும் செல்லும், ஒருவர் பெயரில் உள்ள மாதச் சந்தா. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-ல் 58, 2026-ல் 63 என்று ஏறியிருக்கிறது. அதைக் காட்டி வேறு யாரையும் கூட அழைத்துப் போக முடியாது; சொந்தப் பிள்ளைக்கும் அதே விதி. 8 வயதுப் பிள்ளைக்குத் தனி டிக்கெட் வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 60 யூரோ.

தாத்தா பாட்டி கூட வருவதால் உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பேயர்ன் டிக்கெட் வாங்குங்கள். இது பவேரியா மாநிலம் முழுவதும் ஒரு நாள் செல்லுபடியாகும். முதல் ஆளுக்கு ஒரு விலை, கூடுதல் ஆள் ஒவ்வொருவருக்கும் சிறு தொகை என்று 5 பேர் வரை சேர்க்கலாம். 15 வயது நிரம்பாத பேரப்பிள்ளைகள் அதே டிக்கெட்டில் தாத்தா பாட்டியோடு இலவசமாகப் போகலாம். நீங்கள் இருவரும் உங்கள் சந்தாவில் போங்கள், பையன் தாத்தாவின் டிக்கெட்டில் வரட்டும். ஃபியூசன் பேருந்துக்கும் இரண்டு டிக்கெட்டும் செல்லும்.

பேயர்ன் டிக்கெட்டில் சறுக்கும் இடங்கள் மூன்று. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குப் பிறகுதான் அது உயிர் பெறும், 8.50 வண்டியில் அது வெறும் காகிதம். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். ஜனவரி 6, ஆகஸ்ட் 15, நவம்பர் 1 போன்ற நாட்கள் பவேரியாவில் விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது, ஐசிஇ, ஐசி, இசி என்ற தொலைதூர விரைவு வண்டிகளில் செல்லாது. பிராந்திய ரயில்கள் மட்டுமே. மூன்றாவது, டிக்கெட்டில் பெயர் எழுதும் கோடுகள் இருக்கும். ஏறும் முன்பே பேனாவால் எழுதி, அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். பரிசோதகர் வந்த பிறகு எழுதினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

பெற்றோர் இரண்டு மூன்று மாதம் தங்கி அடிக்கடி வெளியே போவதாக இருந்தால், அவர்களுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுப்பது லாபம். ஆனால் ஒரு மாதத்தின் 10-ம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாத இறுதியில் சந்தா நிற்கும். அவர்கள் ஊருக்கு விமானம் ஏறும் தேதியோடு சேர்த்து இதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கேள்வி: வார நாளில் மட்டுமே எங்களுக்கு விடுப்பு. 9 மணிக்குப் பிறகு கிளம்பினால் நாள் வீணாகிவிடாதா?

பதில்: வீணாகாது, அரண்மனை நேரத்தை 14.30-ஐ ஒட்டி வாங்குங்கள். அதற்கு முந்தைய நேரங்களை வாங்கினால் வழி முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வர வேண்டியிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அரண்மனை 18 மணி வரை திறந்திருப்பதால் பிற்பகல் நேரங்கள் கிடைக்கும். குளிர்காலத்தில் 16 மணியோடு முடிந்துவிடும். அப்போது சனிக்கிழமைதான் சரி.

கேள்வி: ஒரே ரயிலில் ஏறினோம், பாதி வழியில் எங்கள் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. இது எப்படி?

பதில்: பவேரியாவில் பிராந்திய ரயில்கள் பல, இரண்டு மூன்று தொடர்களை இணைத்து மியூனிக்கிலிருந்து ஒன்றாகக் கிளம்பும். நடுவில் ஒரு நிலையத்தில் கழற்றி, ஒவ்வொரு பகுதியும் ஒவ்வோர் ஊருக்குப் போகும். தெற்கே ஹோல்ஸ்கிர்ஷன் வழியாகப் போகும் வண்டி இதற்கு நல்ல உதாரணம்: அங்கே பிரிந்து ஒரு பகுதி பேரிஷ்செல் பக்கமும், மற்றது டேகர்ன்சே, லெங்க்ரீஸ் பக்கமும் போகிறது. முன்னால் உள்ள பெட்டியில் ஏறினோமா பின்னால் உள்ளதிலா என்பதுதான் எந்த ஊரில் இறங்குவோம் என்பதைத் தீர்மானிக்கிறது.

பிளாட்பாரப் பலகையில் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று எழுத்துகளால் பிரித்துக் காட்டியிருப்பார்கள். அதைவிட நம்பகமானது பெட்டியின் வெளிப்பக்கத்திலும் உள்ளேயும் ஒளிரும் ஊர்ப் பெயர். கூட்டத்தில் குடும்பம் இரண்டு கதவுகளில் பிரிந்து ஏறினால், இருவருமே அந்தப் பெயரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள். பகுதிகளுக்கு இடையே உள்ளே நடந்து போக வழி இருக்காது; நிலையத்தில் இறங்கித்தான் மாற வேண்டும். ஃபியூசன் பாதையில் சில வண்டிகள் நேராகப் போகும். சிலவற்றில் புக்லோயேவிலோ காஃப்பாய்ரனிலோ மாற வேண்டும். பெரியவர்களும் தள்ளுவண்டியும் இருந்தால் நேர் வண்டிக்காக அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாலும் தகும்.

கேள்வி: மாமியாருக்கு முழங்கால் வலி. மேலே போகப் பேருந்து, குதிரை வண்டி இரண்டும் உண்டு என்கிறார்கள். எது நல்லது? தள்ளுவண்டியை என்ன செய்வது?

பதில்: எல்லோரும் பேருந்து என்றுதான் சொல்வார்கள். முழங்கால் வலிக்கு நாங்கள் குதிரை வண்டியைச் சொல்வோம். காரணம் இதுதான். பேருந்து அரண்மனைக்கு மேலே, பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து அரண்மனைக்கு 10, 15 நிமிடம் செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலிக்கும். உடம்பின் பாரம் முழுவதும் மடங்கிய முழங்காலில் விழுகிறது. குதிரை வண்டி அரண்மனைக்குச் சற்றுக் கீழே நிறுத்துகிறது. மிச்சம் சில நிமிட ஏற்றம்; கைத்தடியும் ஒரு கை தாங்கலும் இருந்தால் மெதுவாக ஏறிவிடலாம். இரண்டுக்கும் தனிக் கட்டணம், பேயர்ன் டிக்கெட் செல்லாது. நோட்டும் சில்லறையுமாகப் பணம் வைத்திருங்கள். வண்டிக்கு முன்பதிவு கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்பும். நடந்து போகிறவர்களுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், 30 முதல் 40 நிமிட ஏற்றம். பாதை நன்றாகவே இருக்கும்.

ஆனால் மேலே போய்ச் சேர்வதோடு சிரமம் முடியவில்லை. அரண்மனைக்குள் சுற்றுப் பாதையில் ஏறவும் இறங்கவும் சேர்த்து 300-க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன, அதிலும் சுழற்படிகள். குழு நகர்ந்துகொண்டே இருக்கும்; நடுவில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு வருகிறேன் என்றால் வழியில்லை. நடக்கச் சிரமமுள்ளவர்களுக்கு மின்தூக்கி ஏற்பாடு உண்டு, ஆனால் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்ய வேண்டும். வீட்டு மாடிப்படி ஒன்று ஏறவே மாமியார் நிற்பவர் என்றால், அவரை வற்புறுத்தாதீர்கள். ஏரிக்கரையில் நிழலும் இருக்கையும் இருக்கின்றன, பக்கத்திலேயே பவேரிய மன்னர்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. மாமனார் துணைக்கு இருக்கட்டும். கண்ணுக்கு எதிரே அரண்மனை தெரியும் இடம் அது.

தள்ளுவண்டிக்கு உள்ளே அனுமதி இல்லை. முதுகில் மாட்டும் பெரிய பைக்கும், குழந்தையை முதுகில் உட்கார வைக்கும் சட்டகத்துக்கும் அதே தடைதான். 3 வயதுப் பெண் அரை மணி நேரம் நடப்பாள் அல்லது இடுப்பில் இருப்பாள். கைக்குழந்தை என்றால் மார்போடு சேர்த்துக் கட்டும் துணித் தூளி கொண்டு போங்கள். தள்ளுவண்டியை வெளியே விட்டுவிட்டுப் போகலாம், பொறுப்பு உங்களுடையது.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா, அங்கே கிடைக்குமா?

பதில்: கட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. அன்று சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் மட்டும் உதவும். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி மூன்றும் மாலை வரை தாங்கும். தயிர் சாதத்துக்குக் காலையில் பால் ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் மதியத்துக்குச் சரியான பதத்தில் புளித்திருக்கும். கோடை வெயிலில் அதையும் 2 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். பிராந்திய ரயிலில் சாப்பிடலாம், தடையில்லை. சாம்பார், முட்டை, மீன் போன்ற மணம் வீசுபவற்றை மூடிய ரயில் பெட்டிக்குள் திறக்காமல் இருப்பது பக்கத்து இருக்கைக்காரருக்குச் செய்யும் மரியாதை. அரண்மனைக்குள் எதையும் சாப்பிட முடியாது.

உணவகத்தில் சாப்பிட நேர்ந்தால் கவனிக்க வேண்டியவை சில. கேஸ் ஷ்பெட்ஸ்லே என்ற பாலாடைக்கட்டி நூடுல்ஸில் இறைச்சி இல்லை, ஆனால் மாவில் முட்டை உண்டு. செம்மல்க்னோடல் என்ற ரொட்டி உருண்டையிலும் முட்டைதான். உருளைக்கிழங்கு சூப் சைவம் போலத் தோன்றும். பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்து, பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவியிருப்பார்கள். 'ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்' (இறைச்சி இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று கேளுங்கள். பிரெட்சல் ரொட்டியில்கூடச் சில கடைகள் பன்றிக் கொழுப்பு சேர்க்கின்றன. பிள்ளைகள் கேட்கும் பசை மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும்.

தண்ணீர்ப் பாட்டில் வீட்டிலிருந்தே நிரப்பிக்கொள்ளுங்கள். வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்ப்பார்கள். கடையில் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும், வீசிவிடாதீர்கள். கழிப்பறைக்கு 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் தனியே வையுங்கள். ரயில் கழிப்பறை வேலை செய்யாத நாட்கள் உண்டு என்பதால், பிள்ளைகளை ஏறும் முன்பே போகச் செய்துவிடுங்கள்.

கேள்வி: போகும் முன் பையனுக்கு அரண்மனையைப் பற்றி என்ன சொல்லி வைக்கலாம்? உள்ளே போனதும் சலிப்படைவான் என்று பயமாக இருக்கிறது.

பதில்: நல்ல கேள்வி. முன்னதாகச் சொல்லி வைக்காத பிள்ளைக்கு அது படங்கள் வரைந்த இருட்டு அறைகளின் வரிசைதான். இதைக் கட்டிய இரண்டாம் லுட்விக் 1864-ல், 18 வயதில் பவேரியாவின் மன்னரானவர். இரண்டே ஆண்டுகளில் பிரஷ்யாவிடம் போரில் தோற்று, ராஜ்யத்தின் உண்மையான அதிகாரம் கைநழுவியது. நாட்டில் இல்லாத மன்னராட்சியைக் கல்லில் கட்டிக்கொள்ளத் தொடங்கினார். 1869 செப்டம்பர் 5-ல் அடிக்கல் நாட்டினார்கள். வெளித்தோற்றத்தை முதலில் தீட்டியவர் கட்டடக் கலைஞர் கிடையாது. கிறிஸ்டியான் யாங்க் என்ற நாடக அரங்க ஓவியர். அதனால்தான் அது மேடைக் காட்சி போல நிற்கிறது. 1886 ஜூன் 13-ல் மன்னர் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் இறந்து கிடந்தார். எப்படி என்பது இன்றும் தீராத சர்ச்சை. யாரும் பார்க்கக் கூடாது என்று அவர் கட்டிய அரண்மனையை, அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-லேயே கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நொய்ஷ்வான்ஸ்டைன் என்ற பெயரே அவர் இறந்த பிறகு வந்தது. 2025 ஜூலையில் லுட்விக்கின் மற்ற மூன்று மாளிகைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகியிருக்கிறது.

8 வயதுப் பையனுக்குத் தேடல் வேலை கொடுங்கள். அரியணை மண்டபத்தில் அரியணை எங்கே? இல்லை, செய்து முடிக்கும் முன்பே மன்னர் போய்விட்டார். இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு செயற்கைக் குகை வரும், அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அன்னப்பறவை எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். இடைக்காலக் கோட்டை போல் தெரியும் இந்தக் கட்டடத்தில் வெப்பக் காற்றுச் சூடேற்றம், ஒவ்வொரு தளத்திலும் குழாய்த் தண்ணீர், தானே கழுவும் கழிப்பறை, வேலையாட்களைக் கூப்பிட மின்மணி, தொலைபேசி எல்லாம் அன்றே இருந்தன என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கண்ணை அகல விரிக்கும். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ரயில் ரத்தாகி, அரண்மனை நேரம் போய்விட்டால்?

பதில்: ரயில் தாமதத்துக்கு அரண்மனை பொறுப்பேற்காது. அதனால்தான் மேலே சொன்ன கணக்கில் ஒரு வண்டிக்கு உரிய இடைவெளி ஒளிந்திருக்கிறது, அதைச் சுருக்காதீர்கள். முந்தின இரவு ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் உங்கள் வண்டியைத் திறந்து பாருங்கள். வார இறுதிகளில் தண்டவாளப் பணி நடக்கும், அப்போது ஒரு பகுதி தூரத்துக்கு மாற்றுப் பேருந்து விடுவார்கள். பயணம் ஒரு மணி நேரம்கூட நீளும். வழியிலேயே தாமதம் உறுதியாகிவிட்டால், நேராக மேலே ஓடாமல் கிராமத்தின் டிக்கெட் கூடத்தில் கேளுங்கள். இடமிருந்தால் வேறு நேரம் கிடைக்கலாம், நம்பியிருக்க வேண்டாம். முற்றம், பாலம், ஏரி மூன்றுக்கும் டிக்கெட் தேவையில்லை. எதிர்க் குன்றில் லுட்விக் வளர்ந்த ஹோஹென்ஷ்வான்காவ் அரண்மனை மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. அங்கே கூட்டம் குறைவு. வாழ்ந்த வீட்டின் சாயல் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் பனியோடு பார்க்க ஆசை. பெரியவர்களோடு போகலாமா?

பதில்: டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 நாட்களில் அரண்மனை மூடியிருக்கும். பனியும் உறைபனியும் இருந்தால் மேலே போகும் பேருந்து ஓடாது, பாலத்தையும் மூடிவிடுவார்கள். இளையவர்கள் பிடிப்புள்ள காலணியோடு போகலாம். பெரியவர்களோடு வேண்டாம், மே, செப்டம்பர் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே பேயர்ன் டிக்கெட்டில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போகலாம் என்கிறார்களே? பெற்றோர் சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள்.

பதில்: சால்ஸ்பர்க் மத்திய நிலையம் வரை செல்லும். பிராந்திய ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே திசையில் ரெயில்ஜெட், இசி விரைவு வண்டிகளும் ஓடுகின்றன, அவற்றில் ஏறிவிடாதீர்கள். சால்ஸ்பர்க் நகரப் பேருந்துக்கு இந்த டிக்கெட் செல்லாது.

பெற்றோரின் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) செல்லுபடியாகும் நாட்களுக்குள் இருந்தால் போகலாம். ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும் பிரச்சினையில்லை, ஏனெனில் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறவில்லை. உங்கள் ஜெர்மன் குடியிருப்பு அனுமதியோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். ஆனால் அனைவரின் அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். குடியிருப்பு அட்டை மட்டும் போதாது, கைபேசியில் உள்ள படமும் போதாது. திரும்பும் வழியில் எல்லையை ஒட்டிய ஃப்ரைலாசிங்கில் போலீசார் வண்டியில் ஏறிப் பார்ப்பது வழக்கம். அனுமதி புதுப்பிப்புக்கு விண்ணப்பித்து இடைக்காலச் சான்று மட்டும் வைத்திருப்பவர்கள் அட்டை வந்த பிறகு போகட்டும். தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஈழத்து வாசகர்கள், அந்த நிலையில் தரப்படும் தற்காலிகத் தங்கல் ஆவணத்தோடு எல்லை தாண்டக் கூடாது. ஒரு நாள் உலா வழக்கையே பாதிக்கும்.

கேள்வி: 7 மாதக் குழந்தையோடு ட்ஸூக்ஷ்பிட்செ சிகரம் ஏறலாமா?

பதில்: எங்கள் கருத்து, வேண்டாம். ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரம், 2,962 மீட்டர். ஐப்சே ஏரியிலிருந்து 2017 டிசம்பரில் திறந்த புதிய கம்பிவட வண்டி 10 நிமிடத்தில் ஏறக்குறைய 1,950 மீட்டர் ஏற்றிவிடுகிறது. அவ்வளவு வேகத்தில் காற்றழுத்தம் குறையும்போது பெரியவர்கள் எச்சில் விழுங்கிக் காதைச் சரிசெய்துகொள்வார்கள். சளி பிடித்த குழந்தையால் முடியாது, காது வலியில் துடிக்கும். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

ஒருவர் குழந்தையோடு ஐப்சே கரையில் இருக்க, மற்றவர் பெரிய பிள்ளையோடு மேலே போய் வரலாம். ஆகஸ்டிலும் குளிர்ச்சட்டை, கறுப்புக் கண்ணாடி வேண்டும். மலை வண்டிக் கட்டணம் பெரியது, பேயர்ன் டிக்கெட்டில் அடங்காது. எனவே வாங்கும் முன் சிகரத்தின் நேரடிக் கேமராவைப் பாருங்கள். கீழே வெயிலடிக்கும்போது மேலே மேகத்துக்குள் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: நொய்ஷ்வான்ஸ்டைன் டிக்கெட் தீர்ந்துவிட்டது. பெரியவர்களோடு இந்த வாரமே எங்காவது போக வேண்டும்.

பதில்: ஹெரன்கீம்சே போங்கள். பெரியவர்களுக்கு அதுவே மேல் என்று நாங்கள் நினைக்கிறோம். அதே லுட்விக், பிரான்சின் வெர்சாய் அரண்மனையை மனதில் வைத்து 1878-ல் ஒரு தீவில் தொடங்கிய மாளிகை, அதுவும் முடியவில்லை. சால்ஸ்பர்க் பாதையில் ப்ரீன் நிலையம், மியூனிக்கிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். நகரின் கிழக்கில் இருப்பவர்கள் ஆஸ்ட்பான்ஹோஃப் என்ற கிழக்கு ரயில் நிலையத்திலேயே ஏறலாம். ப்ரீனிலிருந்து படகுத் துறைக்கு 25 நிமிட நடை. கோடையில் 1887 முதல் ஓடும் குட்டி ரயில் உண்டு, பிள்ளைகளுக்கு அதுவே பாதி விருந்து. படகு 15 நிமிடம், கட்டணம் தனி. தீவில் இறங்கியதும் துறைக்கு அருகிலேயே அரண்மனை டிக்கெட் வாங்கிவிடுங்கள், மேலே போய்விட்டுத் திரும்பி வர வேண்டாம். அங்கிருந்து மாளிகைக்கு 20 நிமிடம், மலையேற்றம் கிடையாது. உள்ளே மாடிப்படிகள் உண்டு. கண்ணாடி மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். இறங்கும்போதே துறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.